ஆம்புலன்ஸுக்கு மட்டும்

கலாமுலி,
18 ஜனவரி 2009

அன்புத் தம்பி லோயிசோஸுக்கு அக்கா கிறிஸ்டல்லா எழுதறது.

மாதா உன்னையும் உன் வீட்டையும் காப்பாத்தட்டும். இங்க நானும் உன் அத்தான் ஹம்பிஸும் சுகம். என் மக ஸ்டாலோ மாசமா இருக்கா. ஜூன் கடைசியில பிறக்கும்னு டாக்டர் சொல்றார். மாப்பிள்ளை இன்னும் கப்பல்லதான்.

கடுதாசி எதுக்குன்னு கேப்பே. போன் பண்ணினா, "அக்கா, கூட்டத்துல இருக்கேன்"னு வச்சிடறே. கடுதாசியை அப்படி வைக்க முடியாது. மேஜை மேல கிடந்து உன்னையே முறைச்சுக்கிட்டு இருக்கும். பஸ் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பறேன். பதிலையும் அவர்கிட்டயே குடு.

மலையில பனி கொட்டி நாலு நாளா பஸ் இல்லை, நாளைக்குத்தான் விடறாங்களாம். ரொட்டி வண்டி இல்லை. போன வாரம் ஸ்டாலோவுக்கு ரத்தம் பாக்க நிகோசியா கூட்டிட்டுப் போனோம். போறப்போ மூணரை மணி நேரம், வர்றப்போ அஞ்சு மணி நேரம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தா புள்ள. கடலோர ரோட்டுல போனா ஒரு மணி நேரத்துல முடியற காரியம். நடுவுல என்ன இருக்கு? ரெண்டு இரும்புக் கம்பி, கொஞ்சம் மணல் மூட்டை, அந்தப் பக்கம் தூங்கி வழியற நாலு துருக்கிச் சிப்பாய்ப் பசங்க, இந்தப் பக்கம் தூங்கி வழியற நாலு பசங்க. எனக்கு ஆறு வயசுல சண்டை வந்து மூடின ரோடு. இப்ப எனக்கே பேரப்புள்ள வரப்போகுது.

அதைத் திறக்கத்தானே ரெண்டு பக்கமும் பேசற குழுவுல உன்னைப் போட்டாங்க? ஆகஸ்ட்ல மாதா திருநாளுக்குள்ளன்னே. அப்புறம் கிறிஸ்துமஸ்னே. காபிக்கடையில உனக்குப் பேரே மாத்திட்டாங்க. "நாளைக்கு லோயிசோஸ் எப்படி இருக்கார்?"னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?

உன் பெண்டாட்டிக்கும் புள்ளைங்களுக்கும் என் முத்தம். ஸ்வெட்டர் போட்டுக்கோ.

உன் அக்கா,
கிறிஸ்டல்லா

நிகோசியா,
3 பிப்ரவரி 2009

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் அத்தானின் நலமும் அறிய விழைகிறேன். ஸ்டாலோவுக்குச் சத்து மாத்திரைகள் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, சாப்பிட்ட பின்.

ஊரார் பொறுமை இழப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கம்பியைத் தூக்குகிற வேலையாகத் தெரிகிறது. அப்படியல்ல. சென்ற அமர்வில் ஐந்து மணி நேரம் ஒரே சொல்லைப் பற்றிப் பேசினோம். "எல்லைச் சாவடி" என்று மறுபக்கத்தார் எழுதி வந்தார்கள். முழுத் தீவும் ஒரே நாடு என்பதே நம் நிலை, எனவே அங்கே எல்லை என்று ஒன்று இருப்பதாகவே நாம் ஒத்துக்கொள்ள முடியாது. "வாயில்" என்றோம். வாயில் என்றால் கதவு இருக்க வேண்டும், கதவு என்றால் சாவி யாரிடம் என்று கேட்டார்கள். கடைசியில் "கடக்கும் இடம்" என்பதில் உடன்பாடு ஏற்பட்டது. இது சின்ன விஷயம் அல்ல, அக்கா. இரு தரப்பும் எழுந்து கை குலுக்கினோம்.

அடுத்து சாலையின் அகலம். அதற்கடுத்து விளக்குக் கம்பங்களுக்கு மின்சாரம் யார் தருவது. சரக்கு வண்டிகள் பற்றிய பேச்சு அதற்கும் பின்னால் இருக்கிறது. எல்லாம் நல்ல முறையில் போய்க்கொண்டிருக்கிறது.

நீங்கள் இவற்றைக் காபிக்கடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பேச்சுவார்த்தை ரகசியமானது. ஈஸ்டருக்குள் ஏதேனும் நல்ல செய்தி வரக்கூடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
லோயிசோஸ்

கலாமுலி,
21 பிப்ரவரி 2009

அன்புத் தம்பிக்கு,

கடவுள் உனக்கு நல்ல உடம்பைக் குடுக்கட்டும், கொஞ்சம் அவசரத்தையும் குடுக்கட்டும். மாத்திரை வந்தது. ஸ்டாலோ சாப்பிடறா. உன் அத்தானுக்கு இடுப்பு வலி, பழைய வலிதான்.

என்னை "நீங்கள்"னு எழுதறியே, நான் என்ன மறுபக்கத்துக் குழுவா? உனக்கு மூக்கு சிந்தி விட்டவ நான்.

அஞ்சு மணி நேரம் பேசி "கடக்கும் இடம்"னு கண்டுபிடிச்சீங்களா! உன் அத்தான்கிட்ட படிச்சுக் காட்டினேன். மனுஷன் கடுதாசியை வாங்கி இன்னொரு தடவை பாத்தார். அப்புறம், "சம்பளம் மணிக்கணக்குல போல"ன்னார்.

விளக்குக் கம்பத்துக்கு மின்சாரம் யார் தர்றதுன்னு சண்டை வேண்டாம்னு பெம்பே சொல்றா. சோகுக்சுவுல தினம் சாயங்காலம் கரண்டே இருக்கறதில்லையாம். "உங்க ஆளுங்களே குடுக்கட்டும், எங்க வீட்டுக்கும் ஒரு கம்பி இழுத்துக்கறேன்"னு சிரிக்கறா. நம்ம பீச் மரத்துல பாதியை அவளும் வச்சிருந்தா நல்லா இருக்கும். அந்தப் பக்கம் எலுமிச்சையா காய்ச்சுக் கொட்டுது, ஆனா ஒரு பீச் இல்லை. இங்க போன வருஷம் பீச் எல்லாம் மலை வளைவுல உருண்டு அடிபட்டு, சந்தைக்குப் போறப்போ கூழாத்தான் போச்சு.

நீங்க அந்த மேஜையில ஹலூமிப் பாலாடைக்கட்டி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகலாமா கூடாதான்னு பேசி முடிக்கறதுக்குள்ள, இங்க அது பொரிஞ்சு, தின்னு, செரிச்சே போயிருக்கும்.

ஈஸ்டர்னு எழுதியிருக்கே. எந்த வருஷ ஈஸ்டர்?

முத்தங்களோட,
கிறிஸ்டல்லா

நிகோசியா,
10 மார்ச் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் இடுப்புக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

பெம்பே யார்?

சோகுக்சு மறுபக்கத்து ஊர். அங்கிருக்கும் பெண் எப்போது சிரித்தார், அதை நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதவும். வேண்டாம், எழுத வேண்டாம். இரு பக்கத்துக்கும் நடுப்பகுதியில் இருக்கும் அந்தக் காய்ந்த ஓடைப்பக்கம் போவதாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே ஐ.நா. சிப்பாய்களைத் தவிர யாரும் நடமாடக் கூடாது. ஹலூமி, எலுமிச்சை எதுவும் கைமாறக் கூடாது. நான் அந்த மேஜையில் உட்கார்ந்து அனுமதியில்லாத சரக்குப் போக்குவரத்தைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். என் சொந்த அக்காவே அங்கே ஹலூமி கைமாற்றினாள் என்று தெரிந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

சாலையின் அகலம் முடிவாகிவிட்டது. ஏழு மீட்டர்.

தங்கள் தம்பி,
லோயிசோஸ்

கலாமுலி,
24 ஏப்ரல் 2009

லோயிசோஸ்,

கிறிஸ்து உயிர்த்தார். ரோடு உயிர்க்கலை.

ஃபிளவுனா ரொட்டி சுட்டு ஆறு அனுப்பறேன். உன் புள்ளைங்களுக்குக் குடு, நீ தின்னாதே. ஈஸ்டர் அன்னிக்கு டிவியில உங்களைக் காட்டினாங்க. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் ஒரே தட்டுல மீன் சாப்பிடறாங்க. பின்னாடி நீ ஃபைலைக் கட்டிக்கிட்டு நிக்கறே. "ஆக்கபூர்வமான சூழல்"னு சொன்னான் செய்தி வாசிக்கறவன். காபிக்கடையில அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பாதிரியார்கூட.

பெம்பேயைப் பத்திக் கேட்டே. எழுத வேண்டாம்னும் சொன்னே. சரி, எழுதலை.

இப்ப நான் விளையாட்டா எழுதலை. ஸ்டாலோவுக்கு ரத்த அழுத்தம் ஏறுது. கால் வீங்கி செருப்பு ஏற மாட்டேங்குது. டாக்டர் வாரம் ஒரு தடவை வரச் சொல்றார். வாரம் ஒரு தடவை அந்த மலையை அவ எப்படித் தாண்டுவா? வளைவுல வண்டி குலுங்கறப்போ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சத்தம் போடாம உக்காந்திருக்கா. அந்தச் சத்தம் போடாததுதான் எனக்குப் பயமா இருக்கு.

பீச் வேண்டாம். லாரி வேண்டாம். விளக்குக் கம்பம் வேண்டாம். நீங்க அகலத்தை அளங்க, நீளத்தை அளங்க, என்ன பேரு வேணா வைங்க. ஆம்புலன்ஸை மட்டும் விடச் சொல்லுடா. ஆம்புலன்ஸ் மட்டும். அதுல போறவங்க யாரும் எந்த நாட்டையும் பிடிக்கப் போறதில்லை.

இதைக் கேட்டுச் சொல்லு.

அக்கா

நிகோசியா,
12 மே 2009

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபிளவுனா கிடைத்தது, நன்றி. ஸ்டாலோவின் நிலை கேட்டு வருத்தமாக இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டபடி ஆம்புலன்ஸ் விஷயம் தனியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கொள்கை அளவில் இரு தரப்புக்கும் ஒப்புதல். ஆனால் அந்தச் சாலையில் அருகில் இருப்பது மறுபக்கத்து மருத்துவமனை, அங்கே நோயாளிக்கு ஒரு சீட்டு தருவார்கள். அதன் தலைப்பில் அவர்கள் நாட்டின் பெயர் அச்சிட்டிருக்கும். அந்தச் சீட்டை நாம் வாங்கிக்கொண்டால் அந்த நாடு இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். உலகத்தில் யாரும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை நாம் கலாமுலியில் ஒப்புக்கொள்ள முடியாது. எனவே ஆட்சேபம் எழுப்பப்பட்டது. முழு ஒப்பந்தம் முடியும் வரை ஆம்புலன்ஸ் விஷயம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

கவலைப்பட வேண்டாம். இதற்கு எளிய வழி இருக்கிறது. பிரசவத்துக்கு முன்பே ஸ்டாலோவை இங்கே என் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள். மேல் அறை காலியாக இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில். என் மனைவி பார்த்துக்கொள்வாள்.

தங்கள் தம்பி,
லோயிசோஸ்

கலாமுலி,
25 மே 2009

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னது நல்ல யோசனை. ஸ்டாலோ முதல்ல மாட்டேன்னா, இப்ப சரின்னுட்டா. ஜூன் பத்தாம் தேதி கூட்டிட்டு வர்றோம். அதுக்குள்ள முதல் பீச் இறக்கிடணும், ஆள் கிடைக்கலை. மேல் அறை ஜன்னலுக்குத் திரை போடு, அவளுக்கு வெயில் ஆகாது.

உன் பெண்டாட்டிக்குச் சிரமம் குடுக்கறோம்னு சொல்லு. பழம் ரெண்டு பெட்டி கொண்டு வர்றேன்.

அக்கா

கலாமுலி,
9 ஜூன் 2009

லோயிசோஸ்,

நாங்க நாளைக்கு வரலை. நீ இந்நேரம் எல்லாம் கேள்விப்பட்டிருப்பே. போன்ல பத்து தடவை கூப்பிட்டே, நான் எடுக்கலை. யாரோ எழுதின அறிக்கையில இருந்து நீ தெரிஞ்சுக்க வேண்டாம், என்ன நடந்ததுன்னு நான் சொல்றேன்.

போன புதன்கிழமை மத்தியானம். நாங்க பழம் பறிச்சுக்கிட்டு இருந்தோம். ஸ்டாலோ மரத்தடியில உக்காந்திருந்தா. "அம்மா"ன்னா. திரும்பிப் பாத்தேன், பாவாடையெல்லாம் ரத்தம். ஊர் ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, அதுல குறை இல்லை. டிரைவர் சாவஸ் அவ முகத்தைப் பாத்துட்டு என்னைத் தனியா கூப்பிட்டான்.

"மலை வழின்னா மூணரை மணி. இவ தாங்க மாட்டா."

"கடல் பக்கம் திருப்பு"ன்னேன்.

"அங்க ரோடு இல்லையே!"

"ரோடு இருக்குடா. கம்பிதான் நடுவுல இருக்கு. திருப்பு!"

நம்ம பக்கத்துச் சாவடியில ரொட்டிக்கடைக்காரர் பையன்தான் காவல். வண்டியைப் பாத்ததும் கம்பியைத் தூக்கி விட்டுட்டான். நடுப்பகுதியில ஐ.நா. பையன் ஒருத்தன் நீலத் தொப்பியைக் கையில எடுத்து ஆட்டிக்கிட்டே வண்டிக்கு முன்னால ஓடினான். அந்தப் பக்கத்துக் கம்பி துருப்பிடிச்சு மண்ணுல புதைஞ்சு கிடந்தது. அங்க இருந்த லெப்டினன்ட்டுக்கு இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. கையைக் குறுக்க நீட்டிட்டான். அனுமதி இல்லையாம்.

அப்போதான் பெம்பே வந்தா, ஆமா, ஓடைப்பக்கம் நான் பாக்கற அதே பெம்பேதான். சத்தம் கேட்டுத் தோட்டத்துல இருந்து ஓடி வந்திருக்கா. அவ அந்தப் பையனைத் துருக்கியில என்னென்ன கேட்டான்னு அப்புறமா எனக்குச் சொன்னா. "உன்னைப் பெத்தவ மலையைச் சுத்திப் போயா பெத்தா? உள்ள எட்டிப் பாருடா!" அவன் எட்டிப் பாத்தான். முகம் வெளுத்துப் போச்சு. மேலிடத்துக்குப் போன் போட்டான். யாரும் எடுக்கலை, சாப்பாட்டு நேரம். என்னைப் பாத்து ஏதோ சொன்னான், பெம்பே அதை நம்ம மொழியில சொன்னா.

"எங்க ஆளுங்க ஆம்புலன்ஸுக்குப் போன மாசமே சரின்னுட்டாங்க. உங்க ஆளுங்கதான் வேண்டாம்னாங்களாம். என்னை ஏன் திட்டறீங்கன்னு கேக்கறான்."

நான் வண்டிக்குள்ள ஏறி ஸ்டாலோ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் அவன், சாவஸ், ஐ.நா. பையன், உன் அத்தான், நாலு பேரும் சேர்ந்து கம்பியைப் பிடுங்கினாங்க. அத்தானோட இடுப்பு வலி எங்க போச்சுன்னே தெரியலை. வண்டி கிளம்பறப்போ அந்தப் பையன் ஓடி வந்து கடந்து போறவங்க கையெழுத்துப் போடற சீட்டுப் புத்தகத்தை நீட்டினான். "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா, இல்லைன்னா என் வேலை போயிடும்"னு கெஞ்சறான். அதுல அவங்க நாட்டுப் பேர் இருந்தது. போட்டேன். என் வீட்டுப் பத்திரத்தை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

இருபத்தஞ்சு நிமிஷத்துல அவங்க ஆஸ்பத்திரி. பெம்பே வழி பூரா ஸ்டாலோ தலையை மடியில வச்சுக்கிட்டு வந்தா. டாக்டர் பேரு கியுல்தென், சின்னப் பொண்ணு. நேரா உள்ள கொண்டு போயிட்டா. பேரு கேக்கலை, ஊரு கேக்கலை. இன்னும் அரை மணி போயிருந்தா ரெண்டு பேருமே இல்லைன்னு அப்புறம் சொன்னா.

பெண் குழந்தை. ரெண்டு கிலோ சொச்சம். கலியோபின்னு பேர் வைக்கறோம், அத்தானோட அம்மா பேரு. ஸ்டாலோவுக்கு இன்னும் எழுந்து நடக்க முடியலை.

அந்த லெப்டினன்ட் சொன்னது உனக்குப் புரிஞ்சிருக்கும். நான் ஒண்ணும் கேக்கலை.

கிறிஸ்டல்லா

நிகோசியா,
20 ஜூன் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

தாயும் சேயும் உயிரோடு இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம். மற்ற இடங்களில் தினமும் எத்தனையோ பேர் போடுகிறார்கள், அது வேறு. இன்னும் திறக்காத ஓர் இடத்தில், குழுவில் இருப்பவனின் அக்கா, அவர்கள் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "எங்கள் அதிகாரத்தில் நாங்களே திறந்துவிட்டோம், கலாமுலிக்காரர்களே அதை ஏற்றுக்கொண்டார்கள்" என்று மறுபக்கத்தார் சீட்டின் நகலை மேஜையில் போட்டுவிட்டார்கள். நம் தரப்பு கண்டனம் எழுதியது. அவர்கள் அதற்குக் கண்டனம் எழுதினார்கள். அமர்வுகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இத்தனை மாத உழைப்பும் வீண்.

இதைச் சரி செய்ய ஒரு வழி இருக்கிறது. தட்டச்சு செய்த தாள் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் வற்புறுத்தலின் பேரில் கையெழுத்திட்டீர்கள் என்று அதில் இருக்கிறது. கீழே பெயர் எழுதி அனுப்பினால் போதும். எங்கள் தலைவர் மிகாலிடிஸ் அடுத்த அமர்வில் அதைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

குழந்தை யார் சாயல்?

லோயிசோஸ்

கலாமுலி,
26 ஜூன் 2009

லோயிசோஸ்,

தாளைத் திருப்பி அனுப்பறேன். கையெழுத்துப் போடலை. யாரும் என்னை வற்புறுத்தலை. அந்தப் பையன் கெஞ்சினான், அவ்வளவுதான்.

உன் மே மாசக் கடுதாசியை எடுத்து மறுபடி படிச்சேன். "ஆட்சேபம் எழுப்பப்பட்டது"ன்னு இருக்கு. எழுப்பினது யாருன்னு இல்லை.

குழந்தை உன் சாயல்னு எல்லாரும் சொல்றாங்க. நான் இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

கிறிஸ்டல்லா

நிகோசியா,
13 செப்டம்பர் 2009

அக்கா,

எப்படி இருக்கிறாய்? அத்தானின் இடுப்பு எப்படி? ஸ்டாலோ நடக்கிறாளா? இரண்டு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. பஸ் டிரைவர் என்னைப் பார்த்தால் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

ஆட்சேபம் எழுப்பியது நான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூர்மையாகக் கண்டுபிடித்தாய் என்று மிகாலிடிஸ் என் தோளில் தட்டினார், நானும் மகிழ்ந்தேன். நீ ஆம்புலன்ஸுக்காகக் கேட்டெழுதிய கடிதம் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஜூலையில் அமர்வு மறுபடி கூடியது. மிகாலிடிஸ் என்னைப் பார்த்து, "உன் அக்காவின் வாக்குமூலத்தைப் படி" என்றார். "இல்லை ஐயா" என்றேன். "கையெழுத்துப் போட்டாரா, இல்லையா?" "போட்டார் ஐயா, அந்தப் பக்கத்தில். இந்தப் பக்கத்தில் போட மாட்டேன் என்றுவிட்டார்." மறுபக்கத்துக் குழுவில் நெவ்ஸாத் என்று ஒருவர், என்னைப் போலவே ஃபைலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான், யாரும் அவளை வற்புறுத்தவில்லை, ஆம்புலன்ஸை நிறுத்தியது என் ஆட்சேபம், அதை இப்போது திரும்பப் பெறுகிறேன் என்றேன். மொழிபெயர்ப்பவர் என்னை மறுபடி ஒரு முறை சொல்லச் சொல்லிவிட்டுத்தான் மொழிபெயர்த்தார்.

அடுத்த வாரம் ஸ்டாலோ போன் செய்தாள். குழந்தையின் பிறப்பைப் பதிய முடியவில்லை என்று அழுதாள். நீ எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னாயாம். நானே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். சாளரத்தில் இருந்த பெண் ஆஸ்பத்திரித் தாளைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இந்தத் தலைப்பு இருக்கிற தாளை நான் தொடவே முடியாது." "அப்படியானால் குழந்தை பிறக்கவில்லையா?" "பிறந்திருக்கலாம். இந்தத் தாளின்படி பிறக்கவில்லை." அவளைத் திட்ட வாய் வரவில்லை, அக்கா. அவள் சொன்னதெல்லாம் நான் எழுதிய வாக்கியம்.

அதனால் நான் அந்தப் பக்கம் போனேன். ஆறு வருடமாக நிகோசியா வழியாக ஊரே போய் வருகிறது, நான் ஒரு முறைகூடப் போனதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சீட்டில் கையெழுத்துப் போட்டேன். பெரிதாக ஏதோ தோன்றும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. வெயில் கொளுத்தியது, பின்னால் நின்றவர் முதுகில் முட்டிக்கொண்டிருந்தார், வரிசை நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

டாக்டர் கியுல்தெனைப் பார்த்தேன். "தலைப்பு இல்லாமல் ஒரு தாள் வேண்டும்" என்றேன். "என்ன எழுதணும்?" என்றாள். "நடந்ததை எழுதுங்கள்." வெள்ளைத் தாளில் கையால் எழுதினாள்: ஜூன் மூன்றாம் தேதி ஸ்டாலோ என்பவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, நலமாக இருக்கிறது, பிரசவம் பார்த்தது நான். கீழே பெயர். எந்த நாடும் அதில் இல்லை. சாளரத்துப் பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பதிந்துவிட்டாள். கலியோபி இப்போது அதிகாரப்பூர்வமாகப் பிறந்துவிட்டாள். சான்றிதழ் இத்துடன்.

அந்தத் தாளின் நகலை நெவ்ஸாத்திடம் காபி குடித்துக்கொண்டே காட்டினேன். அவர் அதைத் தன் குழுவுக்குக் கொண்டு போனார். டாக்டர் வெறும் தாளில் கையால் எழுதித் தந்தால் போதும், ஆம்புலன்ஸைத் தடுக்கக் கூடாது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. அந்த முடிச்சு அவிழ்ந்ததும் மற்றவையும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அக்டோபர் பதினான்காம் தேதி திறக்கிறார்கள்.

நான் அந்த மேஜையில் இப்போது இல்லை. அனுமதி கேட்காமல் கடந்து போனதற்காக மீன்பிடி உரிமப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மோசமில்லை. மீனவர்கள் மேஜையைத் தட்டிக் கத்துகிறார்கள், ஆனால் அன்றைக்கே முடித்துக்கொண்டு போகிறார்கள்.

குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. நீ கூப்பிட்டால்தான் வருவேன்.

லோயிசோஸ்

கலாமுலி,
16 அக்டோபர் 2009

அன்புத் தம்பிக்கு,

மாதா உனக்கு நல்ல சுகத்தைக் குடுக்கட்டும். நாங்க எல்லாரும் சுகம். ஸ்டாலோ நடக்கறா, சண்டையும் போடறா, அப்படின்னா சுகமாயிட்டா. கலியோபிக்குச் சிரிக்கத் தெரியுது. உன் சான்றிதழை அத்தான் கண்ணாடி போட்டு மாட்டணும்னார். பெட்டியில வைன்னேன், ஈ மொய்க்கும்.

புதன்கிழமை திறந்தாங்க. எவ்வளவு பேச்சுடா! வெயில்ல நிக்க வச்சு ரெண்டு மணி நேரம். பெரியவங்க ஆளுக்கொரு கத்தரிக்கோலை வச்சு ஒரே ரிப்பனை ரெண்டு இடத்துல வெட்டினாங்க. யார் முதல்ல வெட்டறதுன்னு தகராறு வந்ததுனால ரெண்டு கத்தரிக்கோலாம். உன் மிகாலிடிஸ் "பொறுமையின் வெற்றி"ன்னு பேசினார். பின்னாடி இருந்து உன் அத்தான், "யாரோட பொறுமை?"ன்னு சத்தமா கேட்டார். பாதிரியார் இருமி மறைச்சார்.

பேச்சு முடிஞ்சதும் பழ வண்டியை எடுத்துட்டுப் போனேன். நிறுத்திட்டாங்க. இந்த ஒப்பந்தம் ஆளுங்களுக்கு மட்டும்தானாம். சரக்குக்கு வேற குழு போட்டிருக்காங்களாம். வண்டியை ஓரம் கட்டினேன். ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் ஆளுக்கொரு கூடை மாதுளையை எடுத்துக்கிட்டு நடந்து போனோம். அந்த லெப்டினன்ட்தான் நின்னான். "இவ்வளவும் சொந்த உபயோகமா?"ன்னு கேட்டான். "குடும்பம் பெருசுப்பா"ன்னேன். பெம்பே எதிர்ல எலுமிச்சைக் கூடையோட வந்துக்கிட்டு இருந்தா, அவ குடும்பமும் பெருசாம்.

நேத்து முதல் ஆம்புலன்ஸ் போச்சு. உள்ள ரொட்டிக்கடைக்காரர், நெஞ்சு வலி. நான் ரோட்டோரம் நின்னு பாத்தேன். ரெண்டு பக்கத்துக் கம்பியும் வண்டி வர்றதுக்கு முன்னாடியே தூக்கியாச்சு. யாரும் நிறுத்தலை. இன்னிக்குக் காலையில மனுஷன் ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி, கடையைத் திறந்து வைக்கச் சொல்லி மகனைத் திட்டறார்.

சாவடியில ரெண்டு மொழியிலயும் ஒரு பலகை மாட்டியிருக்காங்க. "ஆம்புலன்ஸுக்கு வழி விடவும்." அவ்வளவுதான் எழுதியிருக்கு. இந்த ஒரு வரியை எழுத உங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. ஸ்டாலோ அதைவிடச் சீக்கிரமா ஒரு புள்ளையையே பெத்துட்டா.

உன்மேல எனக்குக் கோபம் போகலை. போறப்போ சொல்றேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, பெண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வா. பெம்பேயும் வர்றா. கடலோரமா வா. மலையைச் சுத்தி வந்தேன்னா கதவைத் திறக்க மாட்டேன்.

அக்கா